பதின்மூன்றாவது போல்ட்

அந்தச் சனிக்கிழமை வீட்டு வாசலில் இருந்தவர்கள்: ஜவுளிக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், அவர் மனைவி, எட்டு மாத வயிற்றோடு வந்திருந்த மகள், மதில் சுவருக்கு மேல் தலை மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். ஆக மூன்றேகால் பேர். வயிற்றுப் பிள்ளையைச் சேர்த்தால் நாலேகால். சேர்த்தே ஆகவேண்டும் என்பது வீட்டுக்காரரின் கட்சி.

முப்பத்தொரு வருடம் துணிக்கட்டுகளை எண்ணியவர். ஒரு கட்டு கூடியதில்லை, ஒரு கட்டு குறைந்ததில்லை. கட்டுக்குள் என்ன துணி என்று கேட்டால் மட்டும் தெரியாது. அது அவர் வேலை இல்லை.

காரின் பிரேக் ஒரு வாரமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டினால் தெரு சரேலென்று இறங்கி, லாரிகள் பறக்கும் பெரிய சாலையில் போய் முட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மகளை அந்தச் சரிவு வழியாகத்தான் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும்.

"தெருமுனை மெக்கானிக்கிட்ட விட்டுடலாங்க," என்று வியாழக்கிழமையே மனைவி சொன்னாள்.

"அவன்கிட்ட விட்டா ஒண்ணுக்கு ஒன்பது மாத்தணும்பான். நானே மாத்தறேன். பன்னிரண்டு நிமிஷ வீடியோ. மூணு தடவை பார்த்துட்டேன்."

"ஆக முப்பத்தாறு நிமிஷப் படிப்பு."

"போதும்."

"சரிங்க. செய்யுங்க."

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேச்சும் இத்தனை சுருக்கமாக முடிந்ததில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜாக்கி ஏறியது. கழற்றியதையெல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு, தாளில் குறித்துக்கொண்டார். முன்சக்கரம் இரண்டுக்கும் நட்டு எட்டு. பிரேக்கைப் பிடித்திருந்த போல்ட் நாலு. மொத்தம் பன்னிரண்டு. சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடு, தேய்ந்தது நாலு வெளியே, புதுசு நாலு உள்ளே. நடுவில் மனைவி தேநீர் கொண்டுவந்து, தட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எவ்வளவு சாமான்" என்று வியந்துவிட்டுப் போனாள். அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு எல்லாம் மாட்டி முடித்தார். நட்டு எட்டு, போல்ட் நாலு, தாளில் பன்னிரண்டு டிக். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தார்.

தட்டில் ஒரு போல்ட் இருந்தது.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். பதின்மூன்று. மறுபடி மாட்டினார். மிச்சம் ஒன்று. எங்கேயோ ஒரு ஓட்டை காலியாக இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. பிரேக் தப்பா, தன் எண்ணிக்கை தப்பா? எதற்கு அதிகம் பயப்படுவது என்றும் தெரியவில்லை.

"என்ன சார், மிச்சமா?" என்றது மதில் மேல் தலை.

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுதான் சார் ஆளைக் கொல்லும். பத்து மிச்சம்னா வண்டி கிளம்பவே கிளம்பாது. ஒண்ணு மிச்சம்னா நல்லா கிளம்பும், பாதி இறக்கம் வரைக்கும் ஜோராப் போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் நமக்கெதுக்கு." தலை இறங்கிவிட்டது.

காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். கால் வெண்ணெயில் இறங்குவதுபோல் தரை வரைக்கும் போனது. எடுத்த காலை அவர் மறுபடி வைக்கவில்லை. கண்ணை மூடினால் சரிவு தெரிந்தது, லாரி தெரிந்தது, பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் தெரிந்தாள்.

மூன்றே முக்காலுக்கு மகள் பையோடு வந்து நின்றாள். "அப்பா, கிளம்பலாமா?"

"அஞ்சு மணிக்குத்தானேம்மா. இன்னும் நேரம் இருக்கு."

"சீக்கிரமே போய் உக்காந்துக்கலாமே," என்றாள் மனைவி.

"எனக்குத் தலை சுத்துது."

"அப்ப நகருங்க, நான் ஓட்டறேன்."

"வேண்டாம். நீ தொடாதே."

"பின்னே யார் தொடறது? நடந்தா போவா இந்த வயித்தோட?"

அவர் தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "ஒரு தடவை அந்த மெக்கானிக்கிட்ட காட்டிட்டா..."

"யாரு, ஒண்ணுக்கு ஒன்பது மாத்தறவனா?"

"அவருதான்."

முப்பத்தாறு நிமிடப் படிப்பு கரைந்து, அவன் அவராகிவிட்டார்.

வாசல் கேட் கிரீச்சென்றது. கையில் கருவிப் பையோடு மெக்கானிக் நின்றார். "நாலு மணிக்கு வரச் சொன்னீங்களேம்மா. சரியா வந்துட்டேனா?"

"எப்பச் சொன்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"வியாழக்கிழமை சார். 'நாலுக்கு முன்னாடி வந்தா விடமாட்டாரு. நாலுக்குள்ள பயந்துடுவாரு'ன்னாங்க."

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு பேடை உருவிக் காட்டினார். "எண்ணிக்கை சரி சார். ஆனா இந்த ரெண்டையும் திருப்பி மாட்டியிருக்கீங்க. பிடிக்கற பக்கம் வெளியே, இரும்புப் பக்கம் உள்ளே பார்த்துட்டு இருக்கு. இந்தச் சரிவுல மிதிச்சிருந்தா..."

மகள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டு சரி, துணிதான் தப்பு.

பேடுகள் திரும்பின. மெக்கானிக் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தார். பெடல் கல்லாக நின்றது. "புதுசு போட்டா முதல்ல இப்படி மிதிச்சு ஏத்தணும் சார்."

"அந்த போல்ட்?"

மெக்கானிக் தட்டிலிருந்து எடுத்து, கிரீஸைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பினார். "இது காரோடதே இல்லையே. கட்டில் போல்ட்டு மாதிரி இருக்கு."

வீட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பரண்ல இருந்த பழைய கட்டில்தாங்க," என்றாள் அவள். "ஆறு கழட்டி கிரீஸ் தடவி வச்சிருந்தேன். மணிக்கு ஒண்ணாப் போடலாம்னு. முதல் ஒண்ணுக்கே ஆடிப் போயிட்டீங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, மீதியை அவர் கையில் கொட்டினாள். பழக்க தோஷம், அவர் எண்ணினார்.

ஐந்து.