பொன்னாடையும் கிராபிக்ஸ் கார்டும்

சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு, பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். இலவசச் சேவையை அப்படி விட முடியாது. ஊரெல்லாம் சொல்லித் தொலைத்திருப்போம்.

ஊருக்குச் சொன்னது நானல்ல, அப்பா. இரண்டாயிரங்களின் நடுவில், வேலை தேடிக்கொண்டிருந்த (அதாவது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த) காலத்தில், ஆனையூர் வீட்டுக் கம்ப்யூட்டரை ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்த்திருந்தேன். நாம் பயன்படுத்தாத நேரத்தில் நம் கம்ப்யூட்டர் எங்கோ இருக்கும் விஞ்ஞானிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும். உலகெங்கும் இப்படி வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பல சேர்ந்து, நோய்களுக்கு மருந்து தேட உதவும். இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் சுருக்கி, "பய மருந்து கண்டுபிடிக்கிறான்" என்று தெருவில் சொல்லிவிட்டார்.

முதலில் நன்றாகத்தான் போனது. திரையில் வண்ண உருண்டைகளாக ஒரு புரதம் சுழலும். நான் விஞ்ஞானியைப் போல மோவாயைத் தடவிக்கொண்டு பார்ப்பேன். பிறகு திட்டத்தாரிடமிருந்து அறிவிப்பு வந்தது: இனி கூடுதல் ரேம் வேண்டும். அப்பாவிடம் கெஞ்சி வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் புது விண்டோஸ் வேண்டும் என்றார்கள். அதையும் போட்டேன். அடுத்து, நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இனி வேலை இல்லை என்றார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்தில் கோபமாக, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இதுவரை உதவியதற்கு நன்றி என்று பதில் வந்தது. (அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை, இன்டர்வியூக்களில்கூட.)

அம்மா வெங்காயம் உரித்தபடியே என் புலம்பலைக் கேட்டாள். "மாப்ள வீட்டுக்காரங்ககூட இம்புட்டுக் கேக்கமாட்டாங்கடா. நீ சும்மா உதவி பண்றேன்னுதான சொன்ன?"

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் குடியிருப்போர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அப்பாவின் பேச்சை அப்படியே நம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாக அறிவித்துவிட்டார். மருந்து கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டரை எல்லோரும் நேரில் பார்க்க வேண்டுமாம். அதுவோ வேலையில்லாமல் கிடந்தது, என்னைப் போலவே. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்பாவிடம் போனேன். அவர் வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த நண்பன் குபேந்திரன், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை இரவல் கொண்டுவந்தான். ஞாயிறு காலை மாட்டினோம். நம் பவர் சப்ளை இதைத் தாங்குமா என்று கேட்டேன்.

"தாங்கும் மாப்ள. கொஞ்ச நேரந்தான?"

தலைவரும் தெருக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பட்டனை அமுக்கினேன். உருண்டைகள் வந்து சுழன்றன. அப்பா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தலைவர் பொன்னாடையை விரித்தபடி என்னை நெருங்கினார். பெட்டிக்குள் விசிறி மாவு மில்லைப் போல இரைந்தது. நான் பணிவாகக் கழுத்தை நீட்டிய நேரத்தில் 'டப்' என்று வெடித்து, பின்பக்கமிருந்து புகை கிளம்பியது. வீட்டு ஃபியூஸ் போய், தலைக்கு மேல் சுற்றிய ஃபேனும் நின்றது.

நான் நீட்டிய கழுத்தோடு நின்றேன். குபேந்திரன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலைவர் கையிலிருந்த பொன்னாடையை வாங்கி, கம்ப்யூட்டரைப் போர்த்தி அமுக்கினான். உழைத்தவருக்கு மரியாதை சேர்ந்தது.

தலைவர் இருமி முடித்து, "ஆராய்ச்சின்னா இதெல்லாம் உள்ளதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லோரும் போனபிறகு, வாங்கப்போகும் திட்டுக்காகக் காத்திருந்தேன். அப்பா திட்டவில்லை. "அந்த நோயாளிகளுக்கு இனி என்னடா வழி?" என்று கேட்டார். மற்றவர்களின் கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொள்ளும் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, கருகிய பொன்னாடையை மடித்து வைத்தார். எனக்கு அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

சில வருடங்கள் கழித்து எங்கள் தெருவில் ரத்ததான முகாம் நடந்தது. ஆர்வமாகப் போய்ப் படுத்தேன். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், என் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, எடுக்க முடியாது என்று எழுப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற அப்பா அவரிடம் மிகுந்த அக்கறையோடு ஒன்று சொன்னார். இன்றும் எங்கள் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்:

"என்ன மாத்தணும்னு சொல்லுங்கம்மா. வாங்கிப் போட்டுருவோம்."