திரை காட்டிய மாரியம்மன்

நான் ஒரு மாப்பிள்ளையை வேறொரு பெண்ணின் கல்யாணத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் எங்கள் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் டீ குடிக்க நின்றால் யாராவது ஒருவர் உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார். அவர் சொன்னால் இன்னும் இரண்டு மாப்பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்வார்.

எல்லாம் என் காரில் ஒரு திரை பொருத்தியதால் வந்தது.

என் காருக்கு என் மகளின் வயது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். கார் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். இஞ்சின் சூடான பிறகு அணைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு மறுபடி உயிர் வராது. அதனால் கடைக்குப் போனாலும் ஓடவிட்டுத்தான் இறங்குவேன். (திருட்டுப் பயம் இல்லையா என்று கேட்காதீர்கள். அதைத் திருட வந்தவன் பாவப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவான்.)

அந்தக் காருக்குத்தான், கைத்தொலைபேசியோடு தானாக ஒட்டிக்கொள்ளும் பெரிய திரை ஒன்றை வாங்கினேன். ரவாங்கில் என்னோடு வேலை செய்பவர்களின் புதிய கார்களிலெல்லாம் அது இருந்தது. வரைபடம், பாட்டு, வந்த அழைப்பு எல்லாம் திரையிலேயே தெரியும். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பொருத்திய கடைக்காரர், பழைய ரேடியோவைப் பிடுங்கிய ஓட்டையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அறுத்து, திரையை உள்ளே அழுத்தினார்.

"அழைப்பு வந்தா நீங்க தொடவே வேணாம் அண்ணே. அதுவே எடுத்துக்கும். அப்படி செட் பண்ணி வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

அடடா என்று நானும் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது பிறகுதான் புரிந்தது.

திரைக்கு இடம் வேண்டுமென்று, அங்கே ஒட்டியிருந்த பிள்ளையாரை எடுத்து முன்பக்கப் பெட்டிக்குள் வைத்தேன். என் மனைவி கலா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சாமியத் தூக்கி உள்ள வச்சுட்டு டிவிய வெளிய வச்சிருக்கீங்க. எங்கயாவது போய் முட்டிக்கிட்டு நிக்கப் போறீங்க."

"இது டிவி இல்ல. வழி காட்டுறது."

"நாப்பது வருசமா இதே ஊருதானே? எந்த வழி தெரியல உங்களுக்கு?"

நான் திரையைத் துணியால் துடைக்கத் தொடங்கினேன்.

திரை வந்த இரண்டாவது வாரம் என் அக்கா மகன் பிரவினுக்குக் கல்யாணம். பெண் ஷாலினி, பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்துப் பெண். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் தாலி கட்டு. பத்தரைக்குள் கட்டியாக வேண்டும். பிரவினின் நண்பன் பளபளவென்று ஒரு வெள்ளைக் கார் கொண்டுவருவதாகச் சொன்னான். நான் விடவில்லை.

"தாய்மாமன் நான் இருக்கேன். மாப்பிள்ளை என் காடியிலதான் வருவான்."

அக்கா முகத்தில் ஒரு பயம் ஓடியது. "தம்பி, வழியில நின்னுடாதே?"

"அக்கா, இப்ப அதுல திரை இருக்கு" என்றேன். திரைக்கும் கார் நிற்பதற்கும் என்ன தொடர்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் காருக்குப் பூ கட்டினார்கள். மாப்பிள்ளை பின் இருக்கையில் தலைப்பாகையோடு உட்கார்ந்தான். பின்னால் அக்கா, மாமா, கலா எல்லாம் வேறு கார்களில். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, ஒற்றை விரலால் திரையில் "மாரியம்மன் கோயில்" என்று தட்டினேன்.

எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். திரையில் மாரியம்மன்கள் வரிசையாக வந்து நின்றபோது மட்டும் அது மறந்துவிட்டது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது, எனக்கு எந்த அம்மன் வேண்டுமென்று அதற்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில், மேலே நின்றவளைத் தொட்டேன்.

"பயணம் தொடங்குகிறது" என்றது ஒரு பெண் குரல்.

செம்பனைக் காட்டுக்கு நடுவே போகும் சாலையில் ஒரு முச்சந்தி. குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன்.

"மாமா, நேரா போகணும்ல?" என்றான் பிரவின். "போன மாசம் நேராத்தானே போனோம்?"

"அது போன மாசம். இது இப்ப, இந்த நிமிசம் பாத்துச் சொல்லுது. முன்னால ரோட்டு வேலை நடக்கும்."

பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. ஒரு கார் இல்லை, எல்லாக் கார்களும் சேர்ந்து அடித்தன. கல்யாணக் குஷியில் அடிக்கிறார்கள் என்று நினைத்து, நானும் பதிலுக்கு இரண்டு முறை அடித்தேன். கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கூடக் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரையும் காணோம். மெதுவாக வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் செம்பனை. எந்தத் தோட்டத்தில் எந்த மரத்தைப் பார்த்தாலும் போன தோட்டத்தில் பார்த்த மரம் மாதிரியே இருக்கும். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. கோபுரம் தெரிந்தது. வாசலில் வாழைமரம், தோரணம், பந்தல், கூட்டம். "பாத்தியா?" என்று பிரவினைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் மூச்சை விட்டான்.

பூ கட்டிய காரைப் பார்த்ததும் உறுமி மேளக்காரர்கள் வெளுத்து வாங்கத் தொடங்கினார்கள். இஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, நான் இறங்கினேன். மாப்பிள்ளையும் இறங்கினான். ஓர் அத்தை ஆரத்தி சுற்றினார். ஒல்லியாக, பட்டு வேட்டி கட்டிய ஓர் இளைஞர் சொம்புத் தண்ணீரோடு வந்து குனிந்து, பிரவினின் காலைக் கழுவத் தொடங்கினார். அது பெண்ணின் அண்ணனோ தம்பியோ செய்ய வேண்டிய முறை.

பிரவின் என் காதருகே குனிந்தான். "மாமா, இவரு யாரு?"

"பொண்ணோட அண்ணன்தான். வேற யாரு?"

"ஷாலினிக்கு அண்ணனே இல்ல மாமா."

"அப்பத் தம்பியா இருக்கும்."

"தம்பியும் இல்ல. அவ பெரியப்பா மகன்தான் காலு கழுவுவான்னு சொன்னாங்க. அவன் நல்லா குண்டா இருப்பான்."

"கல்யாண வேலையில எளச்சிருப்பான்டா. அலைச்சல் இல்லையா?"

(இதை நான் உண்மையிலேயே சொன்னேன். பிரவின் இன்றுவரை சாட்சி சொல்கிறான்.)

அதற்குள் அந்த இளைஞர் பிரவினின் விரலில் ஒரு மோதிரத்தை மாட்டி அழுத்திவிட்டார். அப்போது உள்ளேயிருந்து பச்சைப் பட்டுப் புடவையில் ஓர் அம்மா, வாயெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். பிரவினின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. கையை உயர்த்தினார். மேளமும் நின்றது.

"டேய் சுரேசு, யாருக்குடா காலு கழுவுற? இது நம்ம மாப்பிள்ளை இல்லடா!"

சுரேசு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவராம். அன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறார். தங்கையின் மாப்பிள்ளையைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். தலைப்பாகை கட்டி, சந்தனம் பூசி நிறுத்தினால் என்னையே மாப்பிள்ளை என்று நினைத்திருப்பார்.

அந்த அமைதியில், ஓடிக்கொண்டிருந்த என் காரிலிருந்து மணி அடித்தது. கடைக்காரர் சொன்னது போலவே, யாரும் தொடாமல் திரையே அழைப்பை எடுத்தது. காரின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் கலா வந்தாள்.

"என்னங்க! எங்க போய்த் தொலஞ்சீங்க? சிம்பாங்குல, அந்த முச்சந்தியில, அத்தன ஹார்ன் அடிச்சோம், கைய ஆட்டிட்டுப் போறீங்க! இங்க பொண்ணு வந்தாச்சு, ஐயர் வந்தாச்சு, மாப்பிள்ளையக் காணோம். பொண்ணோட அப்பா, மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான்னு நாற்காலியத் தள்ளிவிடுறாரு. அண்ணி அழுவுறாங்க. மேளக்காரனையும் காணோம். மேளமும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல, என்னாங்க கல்யாணம் இது?"

ஓடினேன். அணைக்கும் பொத்தான் எது? ஒன்றைத் தொட்டேன், சத்தம் கூடியது. இன்னொன்றைத் தொட்டேன், கலா போய் அந்தப் பெண் குரல் வந்தது:

"நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்."

பந்தலே சிரித்தது. ஒரே ஓர் ஆள் சிரிக்கவில்லை. அவர் அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற, பூ கட்டிய இன்னொரு காரிலிருந்து இறங்கியவர். பெரிய மீசை. அவருக்குப் பின்னால், தலைப்பாகையோடு இன்னொரு மாப்பிள்ளை. அந்தக் கல்யாணத்தின் சொந்த மாப்பிள்ளை.

இரண்டு மாப்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரும் தங்கள் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருலா இது, எங்க மாப்பிள்ளை நிக்கிற எடத்துல நிக்கிறது?" என்றார் மீசைக்காரர்.

பயம் வந்தால் எனக்கு வாய் தனியாக ஓடும் என்று சொன்னேனா? சொல்லவில்லை என்றால் இப்போது சொல்கிறேன். இரண்டு கையையும் கூப்பி, "வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றேன்.

அவர் குழம்பினார். "நீங்க… பொண்ணுக்கு என்னா வேணும்?"

"தாய்மாமன்" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பச்சைப் புடவை அம்மா வாயில் கை வைத்தார். "எனக்குக் கூடப்பிறந்தவங்களே இல்லையே!"

பிறகுதான் எனக்கு உண்மை முழுதாக உறைத்தது. அங்கே ஒரு பெண், மாப்பிள்ளை வருவானா மாட்டானா என்று மணமேடையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பா நாற்காலியைத் தள்ளுகிறார். என் அக்கா அழுகிறார். நான் இங்கே யாரோ வீட்டுக் கல்யாணத்தில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பலாம் என்றால் மோதிரம் கழலவில்லை. சுரேசு இழுக்கிறார், பிரவின் கத்துகிறான், நான் பிரவினின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்கிறேன். (ஏன் இடுப்பு? தெரியாது. பிடிக்க அது கிடைத்தது.) கடைசியில் அந்த அம்மா கோயிலிலிருந்து விளக்கெண்ணெயைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து கவிழ்த்தார். மோதிரம் வந்தது. எண்ணெய் போகவில்லை.

"அம்மா, மன்னிச்சிருங்க…" என்றேன்.

"மொதல்ல புள்ளையக் கொண்டுபோய்ச் சேருங்க. பொண்ணு பாவம்" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "காலு கழுவியாச்சு, மோதிரமும் போட்டாச்சு, இனிமே நீங்களும் சம்பந்திதான்" என்றார்.

வழி? திரையை நம்பப் பயம். என்னை நம்ப அதைவிடப் பயம். அப்போது உறுமி மேளத் தலைவர், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தம்பி, முன்னால் வந்தார்.

"அண்ணே, உங்க வீட்டுக்கார அக்கா காடியில கத்துனாங்கல்ல, மேளக்காரனக் காணோம்னு? அது நாங்கதான். இத முடிச்சிட்டு அங்கதான் வரணும். பாதிப் பேரு இங்க இருக்கட்டும். நீங்க என் வேன் பின்னாலயே வாங்க."

"வழி தெரியுமா தம்பி?"

"நாங்க மேளம் அடிக்காத கோயிலு எது அண்ணே?"

வேனை ஒட்டிக்கொண்டே ஓட்டினேன். வழி முழுக்க அந்தக் குரல், "திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்" என்று கெஞ்சியது.

"மாமா, அத அடைங்க மாமா!"

"எனக்கு அடைக்கத் தெரியலடா!"

பிரவின் தன் அங்கவஸ்திரத்தை எடுத்துத் திரையின்மேல் போட்டான். துணிக்குள்ளிருந்தும் அது முனகியது.

மேளக்காரர்கள் வேன் கதவைத் திறந்துவைத்து, அடித்துக்கொண்டே கோயில் வாசலுக்குள் நுழைந்தார்கள். மேளத்தோடு வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஷாலினியின் அப்பா நாற்காலியை மெதுவாக நிமிர்த்தி வைத்தார். உண்மையாகவே குண்டாக இருந்த பெரியப்பா மகன் சொம்போடு வந்தான். பிரவின் காலை நீட்டினான்.

மணமேடையில் ஷாலினி குனிந்த தலை நிமிராமல் கேட்டாளாம்: "ஏற்கெனவே காலு ஈரமா இருந்துச்சாமே? பெரியப்பா வீட்டு அண்ணன் சொல்றான்."

"மாமாகிட்டக் கேளு" என்றானாம் இவன்.

பத்தரை ஆகப் போகிறது. கெட்டி மேளம். பிரவின் தாலியைக் கட்டுகிறான், முடிச்சு நழுவுகிறது. மறுபடி கட்டுகிறான், மறுபடி நழுவுகிறது. ஷாலினியின் அப்பாவின் கை மறுபடி நாற்காலியை நோக்கிப் போனது. எண்ணெய் விரல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடையில் ஏறி, என் புதுப் பட்டுச் சட்டையின் முனையால் அவன் விரல்களைத் துடைத்தேன். முடிச்சு விழுந்தது. வீடியோவில் அந்த இடத்தில் தாலி தெரியாது. என் முதுகு மட்டும்தான் தெரியும்.

பழைய காருக்குத் திரை தேவையா என்று என்னை இன்றும் கேட்கிறார்கள். எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. பாட்டு நன்றாகக் கேட்கிறது. காரைப் பின்னால் எடுக்கும்போது திரையில் சாக்கடை தெரிகிறது. கல்யாணத்துக்கு மட்டும் நான் கலா சொல்கிற பக்கம்தான் திரும்புகிறேன். பிள்ளையாரை வெளியே எடுத்துத் திரையின் நடுவிலேயே ஒட்டிவிட்டாள். வரைபடத்தில் பாதி அவருக்குப் பின்னால் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், பத்திரிகையை என் கையில் கொடுக்கும்போது, "மாமா, எந்த மாரியம்மன்னு சொல்லுங்க பாப்போம்?" என்று ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தாங் சந்தைக்குப் போவோம். மீன் கடைப் பக்கம் போனால் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வரும்: "சம்பந்தி! ஓய் சம்பந்தி!" பச்சைப் புடவை அம்மா. மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

கலா பையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள்.

"போங்க, கூப்புடுறாங்கல்ல. நேரா போய், வலது பக்கம் திரும்புங்க."