இறுக்கிப் பூட்டும், தம்பி!

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறவன் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்கு, சிங்களம், சமயம் எல்லாம் அரைகுறை. பயப்படுவதில் மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் தேறிவிட்டேன்.

புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வந்து ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டவுனுக்கு மேலே மலைச்சரிவில் இந்த வீடு கிடைத்தது. மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். கீழே வீட்டுக்காரர் ஞானம் ஐயாவும் அவர் மனைவி அன்ரியும். யாழ்ப்பாணத்துக்காரர்கள், நல்ல மனிதர்கள். ஐயா பேசினால் பாதி உடனே விளங்கும். மீதிக்குத் தலையாட்டிவிடுவேன். (பிறகு மாடிக்கு வந்து, "என்னா சொன்னாரு?" என்று மனைவி சாந்தியைக் கேட்பேன். அவளுக்கும் தெரியாது.)

வீடு காட்டின அன்று ஐயா எங்களை முதலில் கூட்டிப்போனது மாடிக்கு அல்ல, தன்னுடைய ஹோலுக்கு. அண்ணாந்து பார்க்கச் சொன்னார். சீலிங்கில் தோசை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம்.

"இது முந்தி இருந்த ஆக்கள் விட்டிட்டுப் போனது. இன்னொரு வட்டம் விழுந்தா, நீர் குடும்பத்தோட வெளியில. விளங்குதோ தம்பி?"

அது மட்டும் முழுசாக விளங்கியது.

அன்றிலிருந்து நான் வீட்டில் குடியிருக்கவில்லை, குழாய்களுக்குக் காவல் இருந்தேன். சட்டி கழுவுவதற்கு முன் எண்ணெயைப் பேப்பரால் துடைக்க வேண்டும், சிங்க்கில் ஒரு சோறு கூடப் போகக்கூடாது, குளிக்கிற இடத்தில் தலைமுடி போகாமல் வலை போட வேண்டும் என்று சட்டம் போட்டேன். பைப்பை மூடியதும் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்கு நெஞ்சுக்குள் இன்னொரு 'டொக்' வரும். கசிவு இருந்தால் உடனே தெரியட்டும் என்று மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி நூலால் கட்டி வைத்தேன்.

சாந்தி ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லா பைப்புக்கும் இடுப்புல துணி கட்டியிருக்கீங்களே, புள்ள எப்ப பொறந்துச்சு?"

இவ்வளவு பயந்தவன் வீட்டின் எல்லாக் குழாயையும் தடவிப் பார்த்திருந்தேன், ஒன்றைத் தவிர. வெளிக் கேட்டின் காலடியில் சீமெந்து மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் பூரான் இருக்கும் என்ற பயத்தில் அதை மட்டும் திறந்ததே இல்லை.

வாடகை ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. புதுப்பிப்பதா இல்லையா என்று ஐயா வாயே திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அன்ரியும் டவுனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மகள் அறநெறிப் பாடசாலைக்குப் போயிருந்தாள். நான் வழக்கம்போலக் குழாய்களின் இடுப்பைப் பரிசோதித்துக்கொண்டு வந்தேன். குசினியில் சிங்க்குக்குக் கீழே கட்டியிருந்த டிஷ்யூ பேப்பர் நனைந்திருந்தது.

"சாந்தி! கசியுது!"

"நான் கை ஒதறினேங்க. அந்தத் தண்ணிதான்."

அவள் சொன்னதை நம்பியிருக்கலாம். (நம்பினால் நான் ஏன் பயந்தவன்?) பேவ்மென்ட்டில் வாங்கிய ஸ்பேனரை எடுத்து மூட்டின் நட்டை ஒரு சுற்று இறுக்கினேன். மனம் ஆறவில்லை. இன்னொரு சுற்று. தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர், என்னுடைய புஜபலம் அல்ல என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் போதுமாம். நான் லொறிச் சக்கரத்துக்கு முறுக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன்.

'டிக்.'

பிளாஸ்டிக் மூட்டு இரண்டாகப் பிளந்தது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் மலை மேலே இருக்கிற பெரிய தாங்கியிலிருந்து நேரே வருகிறது. அத்தனை வேகமும் என் மூக்கில் வந்து அடித்தது. ஸ்பேனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாந்தி ஓடிவந்து துவாயைச் சுருட்டி உடைந்த வாயில் அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் துவாயைச் சுற்றிக்கொண்டு நாலு திக்கும் பீறிட்டது.

"ஐயாவுக்குப் போன் பண்ணுங்க!"

"ஐயாவுக்கா? வேற யாருக்காச்சும்..."

"நிறுத்துற எடம் அவருக்குத்தான தெரியும்! பண்ணுங்க!"

பண்ணினேன். அந்தப் பக்கம் தாலி கட்டுகிற நேரம் போலிருக்கிறது, கெட்டிமேளம் காதைக் கிழித்தது.

"ஐயா... பைப்பு... லேசா..."

"என்ன லேசா? பெலத்துக் கதையும், கேக்கேல்ல!"

"ஒடஞ்சிருச்சுங்க ஐயா!"

மேளத்துக்கு நடுவே ஐயா கத்தினார். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "கேட்... பூட்டும்! உடன பூட்டும்!"

கேட்டைப் பூட்டு. சரி. எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் தலைகீழாக நில் என்றாலும் நின்றிருப்பேன். அலுமாரிக்குள் இருந்த பெரிய ஆமைப்பூட்டை எடுத்துக்கொண்டு ஈரக்காலோடு படியில் ஓடினேன். கேட்டைச் சாத்தி, தாழ்ப்பாளில் மாட்டி, 'க்ளிக்' என்று அமுக்கினேன். மேலே ஓடினேன். தண்ணீர் வாசல் வரை வந்திருந்தது.

போன் அடித்தது. ஐயாதான். இப்போது மேளம் இல்லை, ஓட்டோ சத்தம். திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"பூட்டீட்டீரோ?"

"பூட்டிட்டேங்க ஐயா."

"தண்ணி நிண்டிட்டுதோ?"

"இல்லீங்க. வருதுங்க."

"அப்ப வடிவாப் பூட்டேல்ல! இறுக்கிப் பூட்டும் தம்பி! கடைசி மட்டும் இறுக்கும்!"

மறுபடியும் ஓடினேன். சைக்கிள் சங்கிலியைக் கேட்டுக் கம்பிகளில் மூன்று சுற்றுச் சுற்றி இன்னொரு ஆமைப்பூட்டைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இதற்கு மேல் ஒரு மனிதன் ஒரு கேட்டை இறுக்க முடியாது. கீழே ஐயாவின் ஹோல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பழைய தோசையைச் சுற்றி ஊத்தப்பம் ஊத்தப்பமாகப் புது வட்டங்கள். நடுவிலிருந்து மழை. எனக்கு மகளின் பள்ளிக்கூடம், கட்டவேண்டிய மூட்டைகள், வீடு போனால் போய் நிற்கவேண்டிய மாமனாரின் முகம் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் வந்தன.

"நின்னுச்சா?" என்று மேலேயிருந்து சாந்தி கேட்டாள்.

"நல்லா பூட்டிட்டேன். ஆனா நிக்கலயே!"

"எத பூட்டுனீங்க?"

பதில் சொல்வதற்குள் ஓட்டோ வந்து நின்றது. பட்டு வேட்டியோடு ஐயா, பின்னால் பட்டுச் சேலையோடு அன்ரி. ஐயா கேட்டைத் தள்ளினார். திறக்கவில்லை. குனிந்து பார்த்தார். இரண்டு ஆமைப்பூட்டு, மூன்று சுற்றுச் சங்கிலி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கேட்டுக்கு உள்ளே தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன காணும் இது?"

"நீங்கதாங்க ஐயா, இறுக்கிப் பூட்டச் சொன்னீங்க."

ஐயா வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டில் முழங்காலிட்டு, கேட்டுக் கம்பிக்குள் கையை விட்டு, நான் பூரானுக்குப் பயந்த அந்தப் பெட்டியின் மூடியைத் தள்ளினார். உள்ளே ஒரு சின்னச் சக்கரம். நாலு முறை திருகினார். மேலே, "நின்னுருச்சு!" என்று சாந்தி கத்தினாள்.

"இதுக்குப் பேர் கேட் வால்வு," என்றார் ஐயா, முழங்காலில் இருந்தபடியே. "இதைத்தான் பூட்டச் சொன்னனான்."

அவர்கள் ஊரில் குழாயை மூடுவதற்கும் பூட்டுவது என்றுதான் சொல்வார்களாம். எங்களுக்குப் பூட்டு என்றால் சாவி போடுகிற பூட்டு.

"சரி, கேட்டைத் திறவும்."

சட்டைப் பையைத் தடவினேன். சாவி இல்லை. ஓடின ஓட்டத்தில் எங்கே விழுந்ததோ. நான் முகம் வெளிறித் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டதும் அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதில் ஓரத்தில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்டோக்காரர் எங்கிருந்தோ இரும்பு அறுக்கும் வாள் கொண்டுவந்து சங்கிலியையும் பூட்டையும் அறுக்கும் வரைக்கும் சிரித்தார்.

ஐயா சிரிக்கவில்லை. ஹோலுக்குள் போய் அண்ணாந்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். கடைசியில் சாந்திதான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, நாங்க எப்ப காலி பண்ணணும்?"

அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

"முந்தி இருந்த ஆக்களுக்கு நான் சொன்ன ஒண்டையும் செய்ய ஏலாது," என்றார். "சொன்னதைச் சொன்னபடி செய்த ஆள் நீர் ஒருத்தர்தான். இருந்திட்டுப் போம். சீலிங்கை நீரே பெயின்ட் அடியும். ஆனா அந்த ஸ்பேனர் இனி என்னட்டை இருக்கும்."

சீலிங்குக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அன்ரி இந்தக் கதையை யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டார். யாராவது விருந்தாளி வந்தால் என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டுகிறார்.

போன மாதம் ஐயாவும் அன்ரியும் ஊருக்குப் போனார்கள். பஸ்ஸில் ஏறியதும் ஐயா போன் பண்ணினார்: "தம்பி, கேட்டைப் பூட்ட மறந்து போனன். ஒருக்காப் பூட்டிவிடும்." நான் படியில் பறந்து போய், பூரானையும் பாராமல் மூடியைத் தூக்கி, சக்கரத்தைக் கடைசி வரை திருகிவிட்டு வந்தேன். குளித்துக்கொண்டிருந்த சாந்தி தலை நிறைய ஷாம்பூ நுரையோடு வெளியே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கேட் விரியத் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு மாடு உள்ளே நின்று அன்ரியின் ரோஜாவைத் தின்றுகொண்டிருந்தது.