ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோல்

மாமனார் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை எப்படியாவது ஒழித்துக் கட்டுவது என்று கண்ணாடிக்கடைக்காரர் தீர்மானித்தபோது வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர் அவர். எதிரே யாரை உட்கார வைத்தாலும் முகம் சுளிக்காதவர். மாமனார் எதிரே உட்காரத்தான் முடியவில்லை.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற நூலகர். ஆயுள் முழுக்க "சத்தம் போடாதீங்க" என்று அடுத்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், மாமியார் போன பிறகு அதைத் தானே கடைப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார். ஊரின் மறுகோடியில் வீடு. ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கும். போனதும் "வாங்க மாப்பிள்ளை" என்பார். கிளம்பும்போது "பார்த்துப் போங்க மாப்பிள்ளை" என்பார். நடுவில் ஒரு பகல் முழுக்க ஒன்றும் இருக்காது. மகள் அடுப்படியைத் துடைப்பாள், துணி மடிப்பாள், பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மருமகன் சுவரைப் பார்ப்பார். வீடு திரும்பின பிறகும் அந்த இருட்டு செவ்வாய்க்கிழமை வரை அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மனுஷன் என்று மதிப்பாளா? அதனால் பழியைக் காரின் தலையில் போட்டார்.

"வண்டி ரொம்பக் குடிக்குதும்மா."

"வண்டிதானே, பெட்ரோலைத்தானே குடிக்குது. குடிக்கட்டும்."

"விளையாடாதே. மைலேஜ் தரைக்கு வந்துடுச்சு. தூரப் பயணத்தைக் குறைச்சாத்தான் தாங்கும்."

"தூரப் பயணம்னா?"

"பொதுவாச் சொன்னேன்."

"நாம தூரமாப் போறதே அப்பா வீட்டுக்குத்தான்."

"அப்படியா? நான் அதை யோசிக்கவே இல்லை."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவாள். அவள் புருஷனின் முகமோ அச்சடித்த எழுத்து. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "சரி, எதனால குடிக்குதுன்னு பார்ப்போம்" என்றாள்.

மறுநாளே பெட்ரோல் பங்க்குக்குப் போய் டயர்களுக்குக் காற்று அடித்துவிட்டு வந்தாள். "பின்னால ரெண்டும் காத்து இறங்கிச் சப்பையா இருந்துச்சு. இப்படி இருந்தா வண்டி உருளாதுங்க, இழுத்துக்கிட்டுத்தான் போகும்." பிறகு டிக்கியைத் திறந்தாள். கடையின் பழைய இரும்பு அலமாரித் தட்டுகள், ஓட்டை பக்கெட், தொப்பையைக் கரைக்கச் சபதம் போட்டு அவர் வாங்கிய டம்பெல்ஸ் எல்லாம் உள்ளே கிடந்தன.

"நீங்க தூக்கணும்னு வாங்கினீங்க. பாவம், வண்டி தூக்கிக்கிட்டு அலையுது."

கூரைமேல் சாமான் கட்டுகிற கம்பிச்சட்டத்தையும் கழற்றச் சொன்னாள். அதில் காற்று மோதி வண்டியைத் தடுக்கிறதாம். அவர் ஏணியில் நின்று, மழையில் நனைந்துகொண்டே திருகாணிகளைக் கழற்றினார். தான் தோண்டின குழிக்குள் தானே படிப்படியாக இறங்குகிற மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு அவளே ஓட்டினாள். அவர் ஓட்டினால் பச்சையைக் கண்டதும் பாய்வார், சிவப்பைக் கண்டதும் பிரேக்மேல் ஏறி நிற்பார். அவள் சிவப்பைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிட்டாள். வண்டி தானாக உருண்டு சாதுவாக நின்றது. புறவழிச்சாலையில் ஒரே சீராகப் போனாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மைலேஜ் காட்டும் எண் ஏறிக்கொண்டே வந்தது. அவருக்குக் காய்ச்சல் ஏறுவதைப் பார்ப்பது போல இருந்தது.

"பாத்தீங்களா? தூரம் போனா வண்டி நல்லாத்தான் குடுக்குது."

"ம்."

"அப்ப வாரம் பூரா பெட்ரோல் எங்க போகுது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெருமுனையில இருக்கிற கடைக்குத் தினமும் கார்ல போறீங்க. இன்ஜின் சூடாகறதுக்குள்ள கடை வந்துடுது. மத்தியானம் சாப்பிட வரப்பவும் அதே கதை. ஆறின இன்ஜின்தாங்க ரொம்பக் குடிக்கும். போதாததுக்குக் கடை வாசல்ல வண்டியை அணைக்காம, ஏசியைப் போட்டுக்கிட்டுப் பாட்டு வேற கேக்கறீங்க."

திங்கட்கிழமையிலிருந்து அவர் கடைக்கு நடந்தார். ஈரமான செருப்போடு, ஈரமான மனசோடு.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது கடைசி அம்பையும் எடுத்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா அவ்வளவு தூரம் போறோம், உங்க அப்பாவைப் பாக்கறோம், போன மாதிரியே திரும்பி வர்றோம். யோசிச்சுப் பாரு, வீண்தானே?"

அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "வாஸ்தவம்தான். திரும்பி வர்றதுதான் வீண்."

அவர் நெஞ்சு குளிர்ந்தது.

"அப்பாவையும் ஏத்திக்கிட்டு வந்துட்டா வாராவாரம் போக வேண்டியதில்லை பாருங்க."

குளிர்ந்தது அப்படியே உறைந்தது. "அவர் வரமாட்டாரே" என்றார் ஈனமாக.

"நான் கூப்பிட்டா வரமாட்டார். நீங்க கூப்பிட்டா வருவார். மாப்பிள்ளை வாயிலிருந்து ஒரு வார்த்தை வரலையேன்னுதான் இருக்கார்." அதோடு நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ராத்திரியில விளக்கே போடறது இல்லைங்க அவர். பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. யாரும் இல்லாத வீட்டுக்கு வெளிச்சம் எதுக்குன்னு கேட்டாராம்."

அவர் தட்டை ஒதுக்கி வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை நானே கேக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் முன்னால் நின்று, சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார். எத்தனை நாள் தாடி அது, எப்போது இவ்வளவு இளைத்தார் என்று தெரியவில்லை.

"எங்களோட வந்துடுங்க மாமா."

பெரியவர் நிமிர்ந்தார். "உங்களுக்குச் சிரமம் இல்லையா மாப்பிள்ளை?"

"இல்லை மாமா." சொல்லும்போது அது உண்மையாகவே இருந்தது.

உடனே மனைவி உள்ளே போய், ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்த மூன்று பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் பைகளைப் பார்த்தாள்.

அந்த வாரம் மாமனார் மருமகனுடைய கட்டிலில் படுத்தார். மருமகன் கூடத்தில் பாயில் படுத்தார். போகட்டும், ஞாயிற்றுக்கிழமையாவது தனக்கு மிச்சம் என்று தேற்றிக்கொண்டார். அந்த ஞாயிறு விடிந்து, போர்வையை இழுத்துத் தலையோடு மூடின நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தார். மனைவி ஸ்டியரிங்கில் இருந்தாள். முன் சீட்டில் மாமனார், முகம் மழித்து, சலவைச் சட்டையோடு.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"அப்பா வீட்டுக்குத்தான். பூட்டியே போட்டா பூசணம் பிடிச்சுடுமாம். வாராவாரம் போய் ஜன்னலைத் திறந்து வச்சு, சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வரணும்கிறார். ஏறுங்க. ஜன்னல் எல்லாம் இறுகிக் கிடக்கு, நீங்க இல்லாம முடியாது."

அவர் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். தோற்றவர்தான், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மூணு பேர் ஏறினா கனம் கூடும். மைலேஜ் இறங்கிடும்."

மாமனார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மாப்பிள்ளையிடம் இத்தனை நீளமாகப் பேசியதில்லை.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, ஜன்னலைத் திறந்து குடுத்துட்டீங்கன்னா அங்கிருந்து திரும்பி வர உங்களுக்கு நேரா பஸ் இருக்கு."