கூட்ட அறை வருவதாகச் சொன்னது

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கு அனைவரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான். நலம் என்பதற்கும் சாட்சி இல்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் ஒரு கம்பெனியின் மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கிறவன், காகிதமும் கவரும் வாங்கிக்கொண்டு தபால்பெட்டியைத் தேடிப் போகிறான் என்றால், அவனுக்கு மெயிலைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். போன் செய்யலாமே என்பீர்கள். உங்கள் காது மெஷின் போனைக் கண்டால் விசில் அடிக்கும். நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் கத்துவது என் தெருவுக்கே கேட்கும்.

நமக்குள் நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். நீங்கள் நம் கம்பெனியின் வெளியூர்க் கிளைக் கிடங்கிலிருந்து தினமும் காலையில் கம்பெனியில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு ரோஜாப் படத்தை அனுப்பி வந்தீர்கள், கீழே 'இந்த நாள் இனிய நாள்' என்ற வாசகத்தோடு. படம் சின்னதில்லை. சுவரில் மாட்டுகிற அளவு. எல்லார் பெட்டியிலும் தினம் ஒரு ரோஜா விழுந்து சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் முதலாளி. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் சர்வரில் ஒரு விதி எழுதினேன்: அண்ணனிடமிருந்து படத்தோடு வரும் மெயில் எதுவும் உள்ளே போகாது, ஓரமாக ஒரு பெட்டியில் நிற்கும், அனுப்பினவருக்கும் தெரியாது, வாங்க வேண்டியவருக்கும் தெரியாது. கிடங்கில் யாரோ உங்களிடம் போட்டுக்கொடுத்தார்கள். கூடப் பிறந்தவனே என்னைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டான் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னது எனக்கு உடனே வந்து சேர்ந்தது. அதற்கு மெயில் தேவைப்படவில்லை.

என் வீட்டுக்காரிக்கு அப்போதே உடம்பு முடியாமல் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் அனுப்புறது ஒண்ணுக்கும் உதவாதுதான். ஆனா காலையில எந்திரிச்சதும் நம்மள நெனச்சுத்தானே அனுப்புறாரு? மொதல்ல அதை எடுத்து விடுங்க."

அன்றே எடுத்தேன். ஊருக்கெல்லாம் வேண்டாம், எங்களுக்கு மட்டும் அனுப்புங்கள் என்று உங்களுக்கும் எழுதினேன். மறுநாளிலிருந்து ரோஜா வந்தது. போனில் திறந்து அவள் தலைமாட்டில் காட்டுவேன். இன்னைக்கு மஞ்சளா என்பாள். அவ்வளவுதான் பேச்சு, ஆனால் அந்தப் பேச்சு தினமும் இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே, பழைய சர்வருக்கு வயதாகிவிட்டதென்று புதிது வந்து இறங்கியிருந்தது. அதற்குத் தனி அறை, தனி ஏசி. எனக்கும் அவளுக்கும் வீட்டில் ஒரே ஒரு ஃபேன். மாதக்கணக்கில் திட்டம் போட்டோம்: யாருக்கு எவ்வளவு இடம், யார் யாருக்கு அனுப்பலாம், எந்தப் பெட்டி முதலில் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி கூடத் தவறாமல் எல்லாவற்றையும் மாற்றினோம். முதலாளி கை தட்டினார். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து உங்கள் ரோஜா நின்றுவிட்டது. நான் ஏன் என்று கேட்கவில்லை. அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், உங்க அண்ணன் ஒண்ணும் அனுப்பலையா என்று. கோபம் இன்னும் தீரலை போல, அதுவாத் தீரட்டும் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு மாறினோம், அதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, காலையில் போனை மட்டும் ஒரு தடவை பார்ப்பாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போய்விட்டாள். அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு ஐயோ பாவம் என்பார்கள், இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்கிக்கொள்ள என்னால் ஆகாது. எங்கள் பணியாளர் பிரிவு அதிகாரி வேலைக்குப் புதிது, நல்ல பெண். சாவுச் செய்தியை மெயிலாக அனுப்ப வேண்டியவள், தேதி இருக்கிறது நேரம் இருக்கிறது என்று காலண்டரில் கூட்ட அழைப்பாக அனுப்பிவிட்டாள். இடம் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டால் அழைப்பு போகாது. என் புது வீட்டு விலாசம் அவளுக்குத் தெரியாது. அதனால் போகட்டும் என்று மூன்றாம் மாடிக் கூட்ட அறையைப் போட்டுவிட்டாள். அடியில் வழக்கமான பொத்தான்கள்: ஏற்கிறேன், வரலாம், மறுக்கிறேன், வேறு நேரம் சொல்கிறேன். முதல் பதில் கூட்ட அறையிடமிருந்து. அந்த நேரத்தில் தான் காலியாக இருப்பதாகவும் வருகையை உறுதி செய்வதாகவும் அது சொன்னது. கணக்குப் பிரிவுத் தலைவர் 'வரலாம்' என்றார். முதலாளியின் செயலாளர், நாலு மணிக்கு முதலாளிக்கு வேறு வேலை, வியாழன் பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். விற்பனைப் பையன் ஒருவன் கை தவறி 'மறுக்கிறேன்' தட்டிவிட்டு அதற்கு மன்னிப்பை எல்லாருக்கும் அனுப்பினான். அதைப் பார்த்து எல்லாரும் எல்லாருக்கும் அனுதாபம் அனுப்ப ஆரம்பித்தார்கள். லீவில் இருந்தவர்களின் தானியங்கிப் பதில்கள் வேறு, குடும்பத்தோடு மகிழ்ச்சியாக விடுமுறையில் இருக்கிறேன், அவசரம் என்றால் திங்கட்கிழமை அணுகவும் என்று. நடுவில் ஒருவர், என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கவும் என்றார். எந்தப் பட்டியல் என்று நினைத்தாரோ.

எல்லாருக்கும் அனுப்பும் உரிமை இரண்டே பேருக்கு இருக்கட்டும் என்று என் திட்டத்தில் நான் எழுதியிருந்தேன். முதலாளி அதை அடித்துவிட்டு, நாமெல்லாம் ஒரே குடும்பம்யா என்றார். குடும்பம் என்றால் என்ன என்று அன்று காலை சர்வருக்குத் தெரிந்தது. திணறி நின்றுவிட்டது. என் உதவியாளன் அழாத குறையாகப் போன் செய்தான், சார், கேக்கவே வாய் வரலை சார், ஆனா பாஸ்வேர்ட் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு என்று. கூடத்தில் அவளும் வந்தவர்களும். நான் சமையலறையில் லேப்டாப்பை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன். வழி ஒன்றுதான், வரிசையில் நிற்கிற மெயில்களைத் தலைப்பைச் சொல்லி மொத்தமாக அழிப்பது. தலைப்பு அவள் பெயர். அதைத் தட்டினேன். இந்தப் பெயர் கொண்டவை அனைத்தும் அழிக்கப்படும், மீட்க முடியாது, உறுதியா என்று கேட்டது. ஆம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இந்த நேரத்துலயும் ஆபீஸ் வேலையா தம்பி என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம், உதவியாளனிடம் வழி கேட்டு வந்த ஆபீஸ் ஆட்கள் பின்னால் வர, அவளோடு வண்டியில் போகும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பதினைந்து நிமிடத்தில் கூட்டம் தொடங்குகிறது.

அடுத்த வாரம் அந்த அதிகாரிப் பெண் கண்கலங்கி வீட்டுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அழைப்புக்கு வந்த பதில்களை அச்சடித்துக் கொண்டுவந்தாள். ஏற்றவர்களில் கூட்ட அறையின் பெயர் முதலில். டிரைவர்கள், கேன்டீன்காரர் எல்லாரும் அதன் கீழே. 'பதில் இல்லை' என்ற தலைப்பின் கீழ் நீங்கள். நான் அழித்ததில் உங்களுடையதும் போயிருக்குமோ என்று அழிந்தவற்றின் பதிவு முழுக்கத் தேடினேன். இல்லை. நாலு சுவரும் ஒரு மேஜையும் உள்ள ஒரு ரூமுக்கு வரணும்னு தோணியிருக்கு, அண்ணா. உங்களுக்குத் தோணலை. அவ உங்களுக்கு என்ன செஞ்சா? உங்களுக்காக என்கிட்ட சண்டை போட்டதைத் தவிர என்ன செஞ்சா?

சரி, விடுங்கள். இனி உங்கள் வழி உங்களுக்கு, என் வழி எனக்கு. கவரின் பின்பக்கம் அனுப்புநர் விலாசம் எழுதவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. காது மெஷினுக்குப் பேட்டரி மாற்றவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு. கவரை ஒட்டிவிட்டு ஆபீஸ் போனேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். தடுத்து வைத்த மெயில்களின் பெட்டி நிரம்பிவிட்டது என்று புது சர்வர் இன்று எச்சரித்தது. திறந்தேன். முழுக்க ரோஜா.

புதியதைத் தயார் செய்தபோது பழையதன் விதிகளை அப்படியே நகலெடுத்திருந்தேன். நகலெடுத்தது, அவள் விதியை எடுக்கச் சொல்வதற்கு முந்தின வாரம். பழையதில்தான் எடுத்தேன். புதியதில் அது இருந்திருக்கிறது. நீங்கள் ஒரு காலை கூடத் தவறவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு மூன்று இருந்தன. 'ஏற்கிறேன்', அதன் கீழே "கெளம்பிட்டேன்டா" என்று ஒன்று. "மூணாம் மாடி ரூம்ல உக்காந்திருக்கேன். ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல. புது வாட்ச்மேன் ஏதோ சொல்றான், காதுல விழல. எங்கன்னு ஒரு வரி போடு" என்று ஒன்று. "கடைசி பஸ்ல திரும்பிட்டேன். நீ கூப்பிட இஷ்டப்படலன்னு புரியுது. நேரத்துக்குச் சாப்பிடு" என்று ஒன்று. மூன்றின் அடியிலும் நீங்கள் நிரந்தரமாக ஒட்டி வைத்திருக்கும் ரோஜா, இந்த நாள் இனிய நாள். அடுத்த நாள் காலையும் ஒன்று வந்திருக்கிறது. இன்று காலையும்.

விதியை எடுத்துவிட்டேன். பழைய சர்வர் மூலையில் அணைந்து கிடக்கிறது, அதையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன். மேலே எழுதியதையெல்லாம் நீங்கள் படிக்க வேண்டாம். இங்கிருந்து படித்தால் போதும்.

ஆஸ்பத்திரியின் பின் வாசலிலிருந்து இரண்டாவது தெரு, மருந்துக்கடைக்கு மேல் மாடி. பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள். நீங்கள் பலமாகத்தான் தட்டுவீர்கள். எனக்குக் கேட்கும்.