இடுப்புக் கணினியும் ஒரு பல் டாக்டரின் சந்தேகமும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம், கணினியை இடுப்பில் கட்டிக்கொண்டதுதான்.

இந்தப் பேருண்மையை உலகுக்கு அறிவித்த கம்பெனியில், புது கிளினிக் கட்ட வைத்திருந்த பணத்தை மொத்தமாகப் போட்டிருந்தார் பல் டாக்டர். போட வைத்தவன் மனைவியின் தம்பி. அங்கே அவன் ‘நம்பிக்கைப் பிரிவு’ மேலாளர். பங்குதாரர்களின் நம்பிக்கை வற்றாமல் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம்.

ஆண்டுக் கூட்டத்துக்கு மனைவியோடு போனார் டாக்டர். பங்குதாரர்களைக் கௌரவிக்கும் பொருட்டு, வாசலிலேயே ஆளுக்கொரு கணினியைக் கட்டிவிட்டார்கள். டாக்டரின் தொப்பையை மடக்க மட்டும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வரவேற்பறைப் பெண் தன்னுடைய கணினியைக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டாக வைத்திருந்தாள்.

“நீ கட்டிக்கலையாம்மா?”

“சுடும் சார்.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. மச்சினனைத் தேடிப் பிடித்தார்.

“மாப்ளே, இங்க வேலை செய்றவங்க ஒருத்தர் இடுப்புலயும் இதக் காணோமே?”

“அவங்க மனசுலயே கட்டிக்கிட்டாங்க அத்தான்.”

“போன வருஷம் எத்தன வித்துச்சு?”

“விக்கறதெல்லாம் பழைய கம்பெனிங்க செய்ற வேலை. நாங்க ‘பரவுறோம்’.”

“என் பணம்?”

“அதுவும் பரவிடுச்சு.”

மேடையில் தலைவர் எதிர்காலத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். நிகழ்காலத்துக்குக் கையிலிருந்த சிறு திரையை அவ்வப்போது பார்த்துக்கொண்டார். டாக்டர் துணிந்து எழுந்தார்.

“ஐயா, இது சுடுதாமே?”

“அது சூடில்ல டாக்டர். அரவணைப்பு!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உடனே அவர் இடுப்பு பேசியது: “நாடித் துடிப்பு அதிகம். சந்தேகம் கண்டறியப்பட்டது. நல்லதையே நினையுங்கள்.”

பக்கத்து இருக்கைக்காரரின் இடுப்பும் அதையே சொன்னது. பிறகு அந்த வரிசை முழுவதும். சற்று நேரத்தில் அரங்கத்தின் அத்தனை இடுப்புகளும் ஒருமித்த குரலில் நல்லதை நினைக்கச் சொல்லின. தலைவர் கையிலிருந்த திரையைப் பார்த்தார். முகம் மாறியது. “ஒரு அவசர போன்” என்று மேடையைவிட்டு இறங்கினார். நம்பிக்கைப் பிரிவும் பின்னாலேயே ஓடியது.

“என்னங்க, எம் தம்பின்னு பாக்காதீங்க. எல்லாத்தையும் வித்துடுங்க” என்றாள் மனைவி.

டாக்டர் வியர்க்க வியர்க்கப் பங்குத் தரகரை அழைத்தார்.

“லேட் சார். இப்பத்தான் ரெண்டு பேரு மொத்தமா வித்துட்டுப் போனாங்க. விலை தரைக்கு வந்துடுச்சு.”

“யாருய்யா அந்த ரெண்டு பேரு?”

“உங்க கம்பெனித் தலைவரும், உங்க மச்சினரும்.”

கணினியைப் பற்றி டாக்டருக்கிருந்த சந்தேகமெல்லாம் அந்தக் கணமே தீர்ந்தது. அற்புதமான கருவி, குறையே சொல்ல முடியாது. கட்டிக்கொண்டவன் விழித்துக்கொள்வதை, அவனைக் கொள்ளையடிப்பவனுக்கு உடனுக்குடன் சொல்லிவிடுகிறது.