தகரத்தலையார் நகரத்தலைவர் ஆன வரலாறு

எஞ்சின் அறையின் ஏகச் சக்கரவர்த்தியும், என் அம்மாவின் ஒரே தம்பியும், எனக்கு வாய்த்த ஒரே உருப்படியான உறவினருமான மாமா அவர்களின் எண்ணெய் படிந்த திருக்கரங்களுக்கு, வாலு தலைவணங்கி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் கப்பலும் ஒன்றாக மிதந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தனித்தனியாக மிதந்தால் உடனே தெரிவிக்கவும்.

நிற்க. உட்கார்ந்திருந்தால் உண்மையாகவே எழுந்து நிற்க, செய்தி அப்பேர்ப்பட்டது. இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், உலகம் அழிந்த இருநூற்றுப் பதினோராம் ஆண்டில், சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, நம் வீட்டு முன்னறையில், மாண்புமிகு தகரத்தலையார் நகரத்தலைவராகப் பதவி ஏற்றுக்கொண்டார். விழாவுக்கு நான் முழுதாகவும் அப்பா பாதியாகவும் வந்திருந்தோம். அப்பாவின் மீதிப் பாதி சோபாவுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டிருந்தது. அம்மா துணி மடித்துக்கொண்டே, "யாரு பதவிக்கு வந்தா நமக்கென்ன, டீ ஆறிப்போகுது" என்று வாழ்த்துரை வழங்கினார்.

என் கடிதங்களைத் தாங்கள் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படிப்பதாகவும், சமையல்காரர் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்காக முன்கதைச் சுருக்கம். அண்ணே, இது ஒரு வீடியோ கேம். குண்டு போட்டு உலகம் சாம்பலாகிவிட்டது. மிச்சம் இருப்பது இடிந்த கட்டடங்களும், கன்றுக்குட்டி அளவு கரப்பான்பூச்சிகளும், தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் சனங்களும்தான். முதல் பாகத்தை மாமா நாலு வருஷம் ஆடினார். நாலு வருஷத்தில் ஒரு மனிதன் பட்டமே வாங்கிவிடலாம், மாமா வாங்கியது ஒரு தகரத் தொப்பி. அதை மாட்டிக்கொண்டு திரிந்ததால்தான் அவருடைய ஆளுக்குத் தகரத்தலை என்று பெயர். முகம் மாமாவின் முகம்தான், முடியை மட்டும் தாராளமாகக் கூட்டி வைத்துக்கொண்டார். இப்போது இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. முதல் பாகத்து ஆளை அப்படியே இதற்குள் கொண்டுவரலாம், அவன் செய்த நல்லது கெட்டதெல்லாம் கூடவே வரும். மாமா தகரத்தலையைக் கொண்டுவந்து ஒரு சுரங்க அறைக்குள் உட்காரவைத்தார், அதற்குள் கப்பல் கூப்பிட்டுவிட்டது. கேம் பெட்டியை என் கையில் ஒப்படைத்து, அதன் தலையில் ஒரு சீட்டையும் ஒட்டினார்: 'ஒரே உயிர். செத்தால் செத்ததுதான், மறுபடி எழுப்ப முடியாது. சுரங்கத்துக்குள்ளேயே காளான் வளர்த்துக்கொண்டிரு, வெளியே கூட்டிப்போகாதே. நான் வரும்போது உயிரோடு இருந்தால் பெட்டி உனக்கு. இல்லாவிட்டால் பெட்டி என்னோடு கப்பலுக்கு.'

மாமா, ஒன்பது நாள் நான் தங்கள் சொல்லைத் தட்டவில்லை. உலகத்தைக் காப்பாற்றப் பிறந்த ஒருவன் ஒன்பது நாள் காளானுக்குத் தண்ணீர் ஊற்றினான். பத்தாம் நாள் அவன் முகத்தைப் பார்த்தேன், எனக்கே பரிதாபமாக இருந்தது. காற்று வாங்கட்டுமே என்று கதவைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், எதிரே இருபத்திரண்டு மாடிக் கட்டடம், உச்சியில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே ஒரு லிஃப்ட். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும் நேரமாகப் பார்த்தா அந்த லிஃப்ட் திரையில் வரவேண்டும்? "நிறுத்துடா!" என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் கூட நிறுத்தியிருப்பார்.

"கயிறெல்லாம் துரு. பிரேக்கைக் காணோம். இதுல ஆள ஏத்துவியா நீ?"

"அப்பா, உலகம் அழிஞ்சு இருநூறு வருஷம் ஆச்சுப்பா."

"அழிஞ்சா என்ன? சர்வீஸுக்கு ஆள் வரலன்னு சொல்லு. படியில போகச் சொல்லு அவன."

அப்பா பேச்சுக்கு மறுபேச்சு ஏது? தகரத்தலையார் முதுகில் மூட்டையோடு படியேறினார். அப்பா பின்னாலேயே நின்று, மாடிக்கு மாடி, "அந்தப் பேனலைத் திற, பார்க்கலாம்" என்று ஆய்வு நடத்தினார். ஐந்தாவது மாடியில் எனக்கு அவசரம். விளையாட்டை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன், நாலே நிமிஷம். திரும்பி வந்தால் அப்பாவைக் காணோம், கன்ட்ரோலர் அம்மா கையில். அம்மா மருந்துக் கிடங்கில் இருப்பு சரிபார்க்கிறவர் என்பது சமையல்காரர் அண்ணனுக்குத் தெரியாது. எந்தப் பையைக் கண்டாலும் திறந்து தேதி பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"என்னடா இது, எல்லாமே எக்ஸ்பயரி ஆன மாத்திரை!"

"அம்மா, அதுதாம்மா அவனுக்கு உயிரு!"

"இருநூறு வருஷப் பழசு. இதச் சாப்பிட்டா இருக்கிற உயிரும் போயிடும். எல்லாத்தையும் கழிச்சுட்டேன்."

டி.வி.யில் சத்தம் குறைக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுகிற அம்மா, அழிக்கும் பட்டனை மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அறுபத்து நாலு மாத்திரை, பத்தொன்பது ஊசி, மாமா நாலு வருஷமாகச் சேர்த்த சேமிப்பு, தேதிவாரியாக, முறைப்படி காலி. பையில் மிச்சம் பதினாலு வெற்று டப்பா. "டப்பா நல்லா உறுதியா இருக்குடா, எதுக்காவது ஆகும்" என்று பத்திரப்படுத்தியிருந்தார்.

ஏழாவது மாடியில் வந்தது ஐயா கரப்பான்பூச்சி! மீசை மட்டும் நம் வீட்டு வாசல் அகலம். வேறு எவனாவது இருந்தால் ஓடியிருப்பான். நான் யார்? மாமாவின் மருமகன் அல்லவா! பதினாலு டப்பாவையும் ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். பதினாலாவது டப்பா நெற்றிப் பொட்டில் பட்டது, பூச்சி மல்லாந்தது. தகரத்தலையார் மீசையை முறுக்கிக்கொண்டு (தன் மீசையை) மேலே போனார். தொட்டிக் குழாயை எப்படி மாட்டுவது என்று அப்பா சொன்னார், நான் மாட்டினேன். கீழே ஊருக்குத் தண்ணீர் வந்தது. முப்பத்து மூன்று பேர் இருக்கிற ஊரில் முப்பத்தொரு ஓட்டு நமக்கு. எதிர்த்த இரண்டு பேரில் ஒருவன் எதிர்வேட்பாளர், இன்னொருவன் அவன் மச்சான். சுரங்கத்துக்குள் இருந்திருந்தால் தகரத்தலையாருக்கு இந்த வாழ்வு வந்திருக்குமா? தாங்கள் நாலு வருஷத்தில் தொப்பி வாங்கினீர்கள், நான் நாலு வாரத்தில் நாற்காலி வாங்கித் தந்தேன். கர்வம் இல்லை, கணக்கு.

ஆகவே, தாங்கள் இறங்கி வரும் நாளில் கேம் பெட்டியை அடியேனுக்கு முறைப்படி ஒப்படைக்கும் வைபவத்தை எளிமையாக நடத்தினால் போதும். தங்கள் எஞ்சினும் தலையும் சூடேறாமல் இருக்கவும், சமையல்காரர் அண்ணன் கை மணக்கவும், அலைகள் தங்களைத் தாலாட்டவும், ஆனால் கவிழ்க்காமல் விடவும் வேண்டிக்கொண்டு விடைபெறும்,

தங்கள் அன்பு மருமகன்,
வாலு

பி.கு.: இதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். சமையல்காரர் அண்ணனை அடுப்பைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

போயிட்டாரா?

மாமா, தகரத்தலை செத்துப்போயிட்டார். அந்தப் பத்தாம் நாளே, அந்த ஏழாவது மாடியிலேயே. டப்பா வீசினது உண்மை, பட்டது பொய். பதினாலும் படியில் உருண்டு போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மருந்தைக் கழித்தது அவர்தான், ஆனால் கதவைத் திறந்தது நான்.

நகரத்தலைவர் வேறு ஆள். தகரத்தலை விட்டுப்போன அதே உலகத்தில் புதிதாக நானே செய்தேன், தங்களை ஏமாற்றத்தான். முகம்தான் வரவே இல்லை. "மாமாவுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று அம்மாவிடம் புளுகினேன். "என் தம்பி மூக்காடா இது? தள்ளு" என்று சொல்லி, மூக்கை மட்டும் ஒரு மணி நேரம் இழுத்துச் சரிசெய்தார். முடியையும் உள்ளபடி குறைத்துவிட்டார். மற்றபடி தங்களுக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது, பெட்டி எனக்கு வந்திருக்கும்.

ஆனால் புதன்கிழமை அவனை முதல் பாகத்துப் பழைய ஊருக்குக் கூட்டிப்போனேன். வாசலில் அந்தக் காவல்காரி நின்றிருந்தாள். முதல் பாகத்தில் புழுதிப் புயலின்போது தங்கள் முகமூடியையே கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு வழி முழுக்க இருமிக்கொண்டு போனீர்களே, அவள்தான். இவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சி அவரு மூஞ்சிதான். ஆனா நீ அவரு இல்ல. அவரு வருவாரு. அதுவரைக்கும் நான் இந்த வாசல விட்டு நகர மாட்டேன்" என்றாள். தகரத் தொப்பி ஒன்று தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி போனேன், அதே பேச்சு. எட்டுக் காளான் லஞ்சம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அதே பேச்சு.

எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது மாமா. முதல் பாகம் இருக்கிற தங்கள் பழைய லேப்டாப்பிலிருந்து அவரை மறுபடி கொண்டுவந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு நாற்பத்தோரு தடவை தப்பாகப் போட்டேன். மருந்துக்கடை அக்கா பெயரையும் போட்டுப் பார்த்தேன், மன்னிக்கவும். லேப்டாப் பூட்டிக்கொண்டது, உரிமையாளர் வந்தால்தான் திறக்குமாம். அதற்குள் தகரத்தலை பத்திரமாக இருக்கிறார். நான் தொடவில்லை, தொட முடியவில்லை என்பதுதான் சரி.

பெட்டியைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். கப்பலுக்கு எடுத்துப்போங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து அவரை மறுபடி கொண்டுவந்து, அந்த வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். மருந்துப் பையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்க்கிறேன். கன்ட்ரோலரைத் தொட மாட்டேன், சத்தியம். சரி, என் சத்தியம் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டே உட்காருகிறேன்.